மேலுக்கு ஒரு காசு

சலரீனா என்ற உப்பளத்து ஊருக்குப் பூரணம் வந்து சேர்ந்த பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஆனாலும் அவள் இரண்டு பேர் உட்காருகிற இருக்கையில் நடைபாதை ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து, கைப்பையை மூன்று மணி நேரமும் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஜன்னலோரத்தைக் காலியாக விட்டிருந்தாள், ஏனென்றால் ஜன்னலோரம் சற்குணத்துக்குப் பிடிக்கும், சற்குணம் அவள் கணவர், அவர் மாசி மாதம் இறந்துபோயிருந்தார்.

தூத்துக்குடியில் ஒரு வங்கியில் முப்பத்துநான்கு வருடம் காசாளராக இருந்த சற்குணம், ஓய்வு பெற்ற பிறகு போர்த்துகல் நாட்டின் வரைபடத்தில் இந்தச் சின்ன ஊரைக் கண்டுபிடித்தார். உப்புக் குவியல்கள் நிற்கிற ஒரு படத்தைக் காட்டி, நம்ம ஊரை யாரோ பெருக்கித் துடைத்து வைத்த மாதிரி இருக்கு பூரணம், ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துருவோம் என்றார். நோட்டு எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், சில்லறைதான் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் துறைமுகத்தில் கப்பல் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களை எல்லாம் பிடித்து, அவர்கள் கால்சட்டைப் பையின் அடியில் மிஞ்சிக் கிடந்த யூரோ நாணயங்களை இரண்டு வருடமாக வாங்கி ஒரு ஊறுகாய் ஜாடியில் சேர்த்தார். சேர்த்ததைப் பழைய சம்பளக் கவர்களில் பிரித்துப்போட்டு, காப்பிக் கடை, சாப்பாட்டுக் கடை, அறை, படகு, முடிவெட்டுபவர், தபால், கோயில் என்று ஒவ்வொன்றின் மேலும் தன் சாய்ந்த கையெழுத்தில் எழுதினார்.

“அங்கெல்லாம் சாப்பிட்டு ஏப்பம் விட்டுட்டு எந்திரிச்சு வந்துரக் கூடாது. மேசையில ஏதாவது வச்சுட்டு வரணும். அதுவும் அவன் மூஞ்சியப் பாத்துகிட்டே வைக்கக் கூடாது, நாம பெரிய கொடையாளின்னு அவனுக்குத் தோணிரும்,” என்பார்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் சார்பில் இரண்டு யூரோ, அதற்கு மேல் ஒரு சென்ட் செப்புக்காசு. மொய் எழுதினாலும் கோயிலுக்குக் கொடுத்தாலும் நூறாகக் கொடுக்காமல் நூற்றியொன்றாகக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு. நூறு கொடுத்தால் அதோடு முடிந்துபோகும், மேலுக்கு ஒன்று வைத்தால் முடியாமல் நிற்கும், கொடுத்தவரும் வாங்கியவரும் இன்னொரு தடவை ஒருவரை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும் என்பார். பன்னிரண்டு நாட்களுக்கும் கவர் போட்டு முடித்து, கடைசிக் கட்டுக்கு ரப்பர் வளையம் மாட்டிவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு அந்த மேசையருகிலேயே உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒன்றைப் பூரணம் மட்டும்தான் கவனித்தாள். அவர் இறந்ததை அவள் தன் வாயால் யாருக்கும் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து சொந்தக்காரர்களுக்குச் சொன்னார், சுவரொட்டி ஊருக்குச் சொன்னது, வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள், ஒவ்வொரு இலைக்கும் பெயர் தெரிந்தவள், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமலே ஆறு மாதத்தைக் கடந்துவிட்டாள். வருஷம் திரும்புவதற்குள் என்ன பயணம் என்று கேட்டவர்கள் பார்க்கவே கவர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். சலரீனாவில் விடுதிக்காரர் இரண்டு விரலைக் காட்டி இரண்டு பேரா என்று சைகையில் கேட்டபோது அவளும் இரண்டு விரலைக் காட்டினாள்.

முதல் நாள் காலையில் சதுக்கத்துக் காப்பிக் கடையிலும் அவள் இரண்டு விரலைத்தான் காட்டினாள். கண்ணாடி டம்ளரில் பால் கலந்த காப்பி இரண்டு வந்தது, ஒன்றைக் குடித்தாள், மற்றொன்று எதிரே ஆறியது. காப்பி விலையைக் கொடுத்த பிறகு, அவர் சொன்னபடியே யார் முகத்தையும் பார்க்காமல் கவரைப் பிரித்து இரண்டு யூரோவும் அவற்றின் மேல் செப்புக்காசும் வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். சலரீனாவில் மேசை மேல் ஒரு சென்ட் வைப்பதைவிடக் காப்பியைத் தரையில் துப்பலாம், உன் காப்பி இவ்வளவுதான் பெறும் என்று அதற்கு அர்த்தம் என்பது சற்குணத்தின் கவர்களுக்குத் தெரியவில்லை. கடைக்காரன் அர்மிந்து, ஐம்பது வயது, கொதிக்கிற பாலைப் போலச் சட்டென்று பொங்குகிறவன், அந்தக் காசைச் செத்த பல்லியை எடுப்பதுபோல இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு சதுக்கத்தின் குறுக்கே ஓடிவந்து கத்தினான்.

“ஏம்மா, நில்லுங்க! முப்பது வருசமா காப்பி போடுதேன், எங்காப்பி ஒத்தச் சல்லிதான் பெறுமோ?”

கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டான். வார்த்தைகள் போர்த்துகீசியத்தில் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது, ஆனால் கோபம் அவனுடையதாகவே இருந்ததால் காசைக் கையில் பிடித்தபடி பதிலுக்காக நின்றான். ஆறு மாதமாக அனுதாபத் தமிழ் மட்டுமே காதில் விழுந்திருந்த பூரணத்துக்கு, ஒருவர் தன்னோடு தமிழில் சண்டைக்கு வருவது வெயிலில் வைத்த துணியை உடுத்திக்கொள்வது போல இருந்தது.

“ஐயோ, அவமானப்படுத்த வைக்கல தம்பி. எங்க ஊர்ல மேலுக்கு ஒண்ணு வைக்கது மரியாத. இதோட முடிஞ்சுன்னு ஆயிரக் கூடாதுல்லா, அதுக்கு.”

“அப்படியா சங்கதி.” காசைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டான். “அப்பம் நாளைக்கும் வருவியள்லா மைனி? சரி, அண்ணாச்சி எங்க? ரெண்டு காப்பி சொன்னிய, ஒண்ணு அப்படியே ஆறிக் கெடக்கு.”

அக்கா என்றோ அம்மா என்றோ சொல்லாமல் மைனி என்கிறானே, அண்ணன் மனைவியைக் கூப்பிடுகிற முறையில், அப்படியானால் இவன் அவர் வழியாக வந்த உறவு என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அவள் வாய் பதில் சொல்லிவிட்டது.

“அவ்வோ ரூம்ல படுத்திருக்காவ.”

சலரீனாவில் இதற்கு யாரும் அதிசயப்படவில்லை. கடல் தண்ணீரைப் பாத்தி கட்டி வெயிலில் விட்டால் வெள்ளை வெள்ளையாக மலை எழும்புகிறதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரு செப்புக்காசைப் பையில் போட்டால் இன்னொரு மொழி வாயில் வருவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. அதைச் செலவாகாமல் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் அவர்களுக்குக் கவலையாக இருந்தது. காசு அவள் கையிலிருந்து வர வேண்டும், வந்த காசு பையில் இருக்கிற வரை மொழி இருக்கும், செலவழித்தால் போய்விடும் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்தார்கள். மருந்துக் கடையில் இருமல் மிட்டாய்க்குச் சில்லறையோடு சில்லறையாக அதையும் கொடுத்துவிட்ட தபால்காரன், பூரணத்தைப் பார்த்து நேத்து ராத்திரி நான் என்று தொடங்கிய வாக்கியத்தை முடிக்க மொழியில்லாமல் நடுத்தெருவில் நின்றான். அதற்குப் பிறகு மருந்துக் கடையில் அந்த அம்மாளின் காசு இங்கே வாங்கப்படாது என்று ஒரு அட்டை தொங்கியது. சாப்பாட்டுக் கடையில் மீன் சுடுகிற ஒதீலியா தன் காசை மேலங்கியின் ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டாள், பாதிரியார் உண்டியல் பக்கம் போகும்போது தன் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

காசு கிடைத்தவர்கள் எல்லோரும் அவளிடம் பேசினார்கள். சொந்த மொழியில் சொன்னால் சுவருக்குக் கேட்டுவிடும் என்று வருடக்கணக்காக அடக்கிவைத்திருந்ததைத் தமிழில் கொட்டினார்கள். ஒதீலியா, கரண்டி பிடித்த கையோடு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த தன் கணவனைச் சுட்டிக்காட்டிச் சொன்னாள்:

“இந்த மனுசன் சிரிக்கதப் பாருங்க மைனி. ஒரு எழவும் வெளங்காது, வெளங்குன மாதிரி தலைய ஆட்டும். நாப்பது வருசமா இந்தத் தலையாட்டலோடதான் குடும்பம் நடத்துதேன்.”

கணவன் தலையை ஆட்டினான்.

படகு விடுகிற ஜசிந்துவும் முடிவெட்டுகிற வலேரியுவும் அண்ணன் தம்பி. அப்பா விட்டுப்போன ஒரு படகுக்காகப் பத்தொன்பது வருடம் பேசிக்கொள்ளாதவர்கள். வலேரியுவிடம் பூரணம் வெட்டுவதற்குத் தலை இல்லாமலே போய், முடிவெட்டுபவர் என்று எழுதிய கவரைக் கொடுத்துவிட்டு நாற்காலியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தாள், ஜசிந்துவுக்கு உப்பளத்தைச் சுற்றிக் காட்டியதற்காகக் கொடுத்தாள். பேசுவதில்லை என்று மாதா சிலை முன்னால் சத்தியம் செய்தபோது தமிழில் பேசுவதில்லை என்று யாரும் சொல்லவில்லையே என்று இருவருக்கும் ஒரே நாளில் தோன்றியது. ஐந்தாம் நாள் சதுக்கத்தில் ஜசிந்து, “லே, ஒனக்கு முடி கொட்டிட்டுல்லா,” என்றான், வலேரியு, “ஒனக்கு அறிவு கொட்டுன அளவுக்கு இல்ல,” என்றான், ஊர் முழுவதும் அர்த்தம் தெரியாமலே கைதட்டியது.

பூரணம் எல்லாவற்றையும் கேட்டாள். இத்தனை பேர் பேச, இத்தனை நேரம் தமிழ் காதில் விழ, அவள் வாயைத் திறக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொருவரும் தன் கதையை முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, அண்ணாச்சிக்கு இப்பம் எப்படி இருக்கு என்று கேட்பார்கள். முதல் நாள் அலுப்பு என்றாள், மூன்றாம் நாள் முழங்கால் என்றாள், ஆறாம் நாள் சளி என்றாள். சளி என்றதும் ஒதீலியா மீன் சூப்பை மூடி போட்டு அனுப்பினாள், ஜசிந்து வெந்நீரில் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லிப் பொட்டலத்தில் உப்பு கொடுத்தான், அர்மிந்து இரண்டாவது காப்பியைத் தட்டால் மூடி அவள் கையிலேயே கொடுத்தான். அவள் எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோய், ஜன்னலைச் சாத்திவிட்டு, சூப்பில் பாதியைக் குடித்து, அவருடைய பாதியை முகம் கழுவுகிற தொட்டியில் மெதுவாக ஊற்றினாள். பாத்திரத்தைத் தேய்த்துத் துடைத்து மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். நல்லா இருந்துச்சுன்னு சொன்னாவ என்றும் சொன்னாள்.

ஊரில் ஒருத்தி மட்டும் அவளோடு தமிழ் பேசவில்லை. அறை துடைக்க வருகிற இடலீனா. நெட்டையான, பேச்சு குறைந்த பெண், வாரினாலும் அடங்காத முடி. அறை என்று எழுதிய கவரைத் தினமும் காலையில் பிரித்து, தன் தலையணை மேல் ஒரு யூரோவும் அவர் தலையணை மேல் ஒரு யூரோவும், மேலுக்கு வைக்கிற செப்புக்காசு அவருடைய பழக்கம் என்பதால் அதையும் அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் பூரணம் வெளியே போவாள். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு தலையணையும் காலியாக இருக்கும். ஆனால் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இடலீனா தன் மொழியில் காலை வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். வாங்கிய காசை அன்றன்றைக்கே செலவழித்துவிடுகிறாள் போலும், எல்லோருக்கும் என்னோடு பேசப் பிடிக்க வேண்டுமா என்ன என்று பூரணம் நினைத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள், சனிக்கிழமை, அர்மிந்து கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து அறிவித்தான்.

“மைனி, நாளைக்கு மத்தியானம் பஸ்ஸுன்னு சொன்னிய. காலையில பூச முடிஞ்சதும் நாங்க எல்லாரும் மேல வாறோம். பன்னெண்டு நாள் எங்க ஊர்ல இருந்துட்டு எங்க மூஞ்சியப் பாக்காமப் போனா அது அண்ணாச்சிக்கே நல்லா இருக்காது.”

“அவ்வோளுக்கு ஒடம்பு…”

“அதுக்குத்தானே வாறோம். வலேரியு சவரக்கத்தி எடுத்துட்டு வாறான். ஒதீலியாக்கா சூப்பு வைக்கா. அண்ணாச்சி எந்திரிக்கவே வேண்டாம், சும்ம படுத்துக்கெடக்கட்டும்.”

சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தட்டினான். சும்மா படுத்துக் கிடக்கட்டும் என்பது அவள் விலா எலும்புக்குள் போய் நின்றது.

அறைக்குத் திரும்பிக் கண்ணாடி முன்னால் நின்று, நாளை அவர்கள் வாசலில் நிற்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாள். அவர் என்றாள். அவர் இல்லை என்றாள், அது வெளியே போயிருக்கிறார் என்பது போல இருந்தது. போயிட்டாவ என்றாள், அது காய்கறி வாங்கப் போனது போல இருந்தது. சரியான சொல் நாக்கின் அடியில் கல் மாதிரி கிடந்தது, அதைத் தமிழில் புரட்டினால் அதன் அடியில் அந்த மேசையும் ரப்பர் வளையமும் செவ்வாய்க்கிழமை வெயிலும் இருந்தன. சொல்லவும் முடியாது, அவர்கள் கதவைத் திறந்து விரிப்பைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது. எல்லோரும் கோயிலுக்குள் இருக்கிற நேரத்தில் காலைப் பேருந்திலேயே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடித்து ஓய்ந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். இடலீனா நின்றுகொண்டிருந்தாள், கையில் விடுதியின் சின்னத் துண்டு ஒன்று முடிச்சுப் போட்டு.

இடலீனா பெட்டியைப் பார்த்தாள், பூரணத்தைப் பார்த்தாள், பெட்டியை உள்ளே தள்ளினாள். கட்டிலில் பூரணம் படுக்கிற பக்கத்தில் அவளை உட்கார வைத்து, மறுபக்கத் தலையணை மேல் துண்டை வைத்து அவிழ்த்தாள். பதினோரு யூரோ, பதினோரு செப்புக்காசு. தன் மொழியில் என்னவோ சொல்லத் தொடங்கினாள், பூரணம் புரியவில்லை என்று தலையசைத்தாள். அப்போது இடலீனா கொஞ்சம் யோசித்து, தன் மேலங்கிப் பையில் கையை விட்டு, உப்புக் காற்றில் நிறம் செத்துப்போன தன் சொந்தச் செப்புக்காசு ஒன்றை எடுத்தாள். மேலுக்கு ஒன்று வைக்க வேண்டுமாம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததை அவளும் கேட்டிருந்தாள். அதைப் பூரணத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“இந்தப் பக்கம் யாரும் படுக்கவில்லை,” என்று இடலீனா தன் மொழியிலேயே சொல்லிக்கொண்டிருப்பது பூரணத்துக்குப் புரிந்தது. “விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலையணையில் ஒரு முடி இல்லை. நான் தட்டிப் போடாத படுக்கைக்கு எப்படிக் காசு வாங்குவேன்? அதுதான் என் பையில் போடாமல் எடுத்து வைத்தேன்.” பிறகு கேட்டாள், “எப்போது?”

பூரணம் வாயைத் திறந்தாள், வந்தது இடலீனாவின் மொழி. அந்த மொழியில் மாசி இல்லை. அந்த மொழியில் யாரும் அவளை அவரோடு சேர்த்துக் கூப்பிட்டதில்லை, அந்த மொழியில் அவர் ஒருநாளும் அவளிடம் காப்பி கேட்டதில்லை, அது உப்பு எடுத்த பாத்தியைப் போலச் சுத்தமாகக் கிடந்தது.

“பிப்ரவரியில்,” என்றாள். “சில்லறையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் இறந்துவிட்டார்.”

இடலீனா தலையசைத்தாள். கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை. துண்டை மறுபடியும் முடிந்து பூரணத்தின் கைப்பைக்குள் வைத்து, சுருக்கமே இல்லாத அந்தப் பக்கத்து விரிப்பை உருவி எடுத்து மடித்தாள்.

அதே நேரத்தில் பூசைக்கு உள்ளே போகாமல் கோயில் படியிலேயே நின்று, “லே, அந்தப் படகு விசயத்துல நீ…” என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த ஜசிந்துவின் வாயில் தமிழ் நின்றுபோனது. பாதி வாக்கியத்தை அப்படியே விட முடியாமல் மீதியைத் தன் சொந்த மொழியில் சொல்லி முடித்தான், வலேரியு சொந்த மொழியிலேயே பதில் சொன்னான், பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து சண்டை மறுபடி தொடங்கியது. ஊரில் இருந்த எல்லாச் செப்புக்காசுகளும் வெறும் காசாகிவிட்டிருந்தன. பூசை முடிந்ததும், பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, பண்டங்களைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

வாசலில் முதலில் நின்ற அர்மிந்து, இரண்டு காப்பி வைத்த தட்டோடு, மைனி என்று சொல்ல வாயெடுத்தான். அந்தச் சொல் அவனிடம் இல்லை.

“ஐயா எப்படி இருக்கிறார், அம்மணி?” என்றான் தன் மொழியில், அவளுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு.

“ஒன்று போதும், அர்மிந்து,” என்றாள் அவள் அவன் மொழியில். “அவர் வரவே இல்லை. வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். நான் உங்களிடம் பொய் சொன்னேன்.”

விரிப்பு இல்லாத பாதிக் கட்டிலை எல்லோரும் பார்த்தார்கள். வலேரியு சவரக்கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஒதீலியாதான் பேசினாள்.

“அப்படியானால் என் சூப்பு?”

“பாதி குடித்தேன். பாதியைக் கொட்டினேன்.”

“கொட்டினாயா?” அவள் முகம் சிவந்தது. பொய் சொன்னதற்கு இல்லாத கோபம் கொட்டியதற்கு வந்திருந்தது. கையிலிருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து நீட்டினாள். “இதை முழுவதும் குடி. நான் நின்று பார்க்கிறேன்.”

பூரணம் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, இரண்டு பேருக்கு வைத்த சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அதில் உப்பு சரியாக இருந்தது. குடித்து முடித்ததும் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கையைத் தொட்டுவிட்டு விலகினார்கள். அம்மணி என்றார்கள், யாருக்கும் அவள் இப்போது மைனி இல்லை. அர்மிந்து ஒரு காப்பியை மேசையில் வைத்துவிட்டு மற்றதைத் தட்டிலேயே திருப்பி எடுத்துப்போனான். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்று அந்த ஊரில் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, ஆனாலும் ஒருவரும் சொல்லாமலே இறங்கிப் போனார்கள்.

கிளம்பும்போது கடைசிக் கவரைப் பிரித்து, தன் தலையணை மேல் ஒரு யூரோவை மட்டும் வைத்தாள்.

மத்தியானப் பேருந்திலும் பாதி இருக்கைகள் காலி. நோட்டைக் கொடுத்துச் சீட்டு வாங்கி, ஓட்டுநர் தந்த சில்லறையைப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டாள், இடலீனாவின் காசு மட்டும் இடது கைக்குள் மூடியிருந்தது. பின்னிருக்கையில் இரண்டு பெண்கள் வெங்காய விலையைப் பற்றிப் பேசினார்கள், அதற்குப் பிறகு ஒருத்தியின் மருமகன் தூக்கத்தில் பாடுவதைப் பற்றிப் பேசினார்கள், பாடுவது கூடப் பரவாயில்லை, நடுவில் நிறுத்திவிட்டு எங்களைக் கைதட்டச் சொல்கிறான் என்று அவள் சொல்ல மற்றவள் வாய்விட்டுச் சிரித்தாள். பூரணத்துக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு, இதைக் கேட்டியளா என்று ஜன்னலோரம் திரும்பினாள்.

உப்புக் குவியல்கள் கண்ணாடிக்கு வெளியே பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, மடியிலிருந்த கைப்பையை எடுத்து, உள்ளே அவருடைய காசுகள் குலுங்க, பக்கத்து இருக்கையில் வைத்தாள்.